எற்பாடு இல்லாத நெய்தல்

நிலத்தையும் பொழுதையும் ஒருங்கே வைத்து, இரண்டையும் சேர்த்து முதற்பொருள் என வகுத்தார் தொல்காப்பியர். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்த காலத்தில் நிலத்தை முதல் என்றது எனக்கு விளங்கிற்று. பொழுதை ஏன் அதனோடு பிணைத்தார் என்பது விளங்கவில்லை. முல்லைக்கு மாலை, மருதத்துக்கு வைகறை, நெய்தலுக்கு எற்பாடு என்று மனனம் செய்து ஒப்புவித்துப் புள்ளி வாங்கியதோடு சரி. எங்கள் கரவெட்டியில் 1932இல் பிறந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி, திணைக் கோட்பாட்டைப் பண்டைத் தமிழகத்தின் சமனற்ற பொருளாதார வளர்ச்சியோடு பொருத்திக் காட்டி 1974இல் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினார். அதைப் பிற்காலத்தில் வாசித்தபோது நிலத்தின் பங்கு இன்னும் தெளிவாயிற்று. பொழுதின் பங்கை எனக்குக் கற்பித்தது எந்த நூலும் அன்று. நோர்வே நாட்டின் வடகோடியில், வார்டோ என்னும் சிறு பட்டினத்தில், என் மனைவி அதைக் கற்பித்தாள்.

இதனை இப்பொழுது எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. வெளிநாடு போவதற்கு ஆயத்தமாகும் இளைஞர் நெல்லியடிச் சந்தியில் என்னைக் கண்டால் நின்று கதைப்பார்கள். நான் இங்கே தமிழாசிரியனாக இருந்தது நாலு தசாப்தங்களுக்கு முந்திய கதையாயினும் அவர்களுக்கு நான் இன்னும் ‘மாஸ்ரர்’தான். எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றே: “மாஸ்ரர், குளிர் தாங்கேலுமோ?” அதற்கு நான் உடுப்பைப் பற்றிச் சொல்வேன். உடம்போடு ஒட்டக் கம்பளி, அதன் மேல் தடித்த சட்டை, அதற்கும் மேல் காற்றுப் புகாத மேலங்கி. பருத்தித் துணியை உள்ளே போடாதே. வியர்வையைக் குடித்துவிட்டுக் குளிரை உன் மேல் கட்டிவிடும். அவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள். பொழுது எப்படி என்று கேட்டவர் இதுவரை ஒருவரும் இல்லை. நானும் வலிந்து சொன்னதில்லை. சொல்லாமல் விட்ட குற்றம் எனக்குப் புதிதன்று.

குளிர் தேசத்துக்குக் குடும்பத்தைக் கொண்டுபோகும் முயற்சி எங்கள் வீட்டில் என்னோடு தொடங்கியதும் அன்று. என் தகப்பனார் நுவரெலியாவில் அரசாங்க எழுதுவினைஞராக இருந்தவர். அக்காலத்து யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் பலரைப் போலவே அவரும் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு மணியோடர் அனுப்பி வாழ்ந்தார். 1959ஆம் ஆண்டு, ஆறு வயதுப் பிள்ளையாகிய என்னையும் தங்கையையும் அம்மாவையும் தம்மோடு வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தார். கொடிகாமத்தில் புகையிரதம் ஏறி, பொல்காவலையில் வண்டி மாறி, நானு ஓயாவில் இறங்கினோம். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கும் மேலான அந்த ஊரில், தை மாசி மாதத்து விடியற்காலைகளில் புல்லின் மேல் வெண்பனி உறைந்து கிடக்கும். நான் அதைச் சீனி என்று எண்ணி நக்கிப் பார்த்தது நினைவிருக்கிறது.

மூன்று மாதத்தில் அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு கரவெட்டிக்குத் திரும்பிவிட்டார். ஊரில் காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சொன்ன மறுமொழி, “தோய்ச்ச துணி காயேல்லை” என்பது மட்டுமே. ஆண்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். ஒரு துணி காயாததற்காக உத்தியோககாரன் பெண்சாதி குடும்பத்தைப் பிரித்துக்கொண்டு வருவாளோ என்று பெரியப்பா கேட்டார். முற்றத்தில் வெயில் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தே நெல் காயவிட்டு, ஒடியல் காயவிட்டு, பிள்ளைகளுக்குப் பசிக்கும் நேரமறிந்து வாழ்ந்த ஒருத்திக்கு, நாள் முழுவதும் மூடுபனி கவிந்த ஊரில் எதை நம்பி வேலை தொடங்குவது என்பதே தெரியாமற் போயிருக்கும். இது இன்று நான் செய்யும் ஊகம். அன்று தகப்பனார் தமது கம்பளிச் சுவெற்றரோடு தனியே மலைக்குத் திரும்பினார்.

1987ஆம் ஆண்டு மே மாத இறுதியில் வடமராட்சியில் நடந்த பெரும் இராணுவ நடவடிக்கையை இவ்வூரவர்க்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. அவ்வாண்டு முடியுமுன் நான் நோர்வேயில் இருந்தேன்.

அந்நாட்டுக்கு யாழ்ப்பாணத்தார் போன பாதை சற்று விசித்திரமானது. 1956இல் அந்தோனி இராஜேந்திரம் என்பவர் அங்கே சென்று மீன்பிடித் தொழிலைக் கற்றார். பின்னர் நோர்வேஜியரின் உதவியோடு ‘சீ-நோர்’ என்னும் மீன்பிடி அபிவிருத்தித் திட்டத்தை யாழ்ப்பாணத்தில் உருவாக்கினார். அந்தத் தொடர்பினால், 1975இல் நோர்வே வேலை தேடி வருவோருக்குக் கதவை அடைத்த பின்பும், அந்நாட்டு மக்கள் உயர்பள்ளிகளில் படிக்கவென்று எங்கள் இளைஞர் போய்க்கொண்டிருந்தனர். போர் மூண்ட பின் அகதிகளாகச் சென்றவர்கள் அவர்களுக்குப் பின்னே சேர்ந்துகொண்டார்கள். வடக்கேயுள்ள பின்மார்க் மாகாணத்துக் கரையூர்களில் மீன் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு அப்போது ஆள் தேவைப்பட்டது. ஊர்ப் பிள்ளைகள் படித்துவிட்டுத் தெற்கே நகரங்களுக்குப் போய்விட, அவர்கள் விட்ட இடத்தில் தமிழர் கத்தியோடு போய் நின்றார்கள். வார்டோ, வாட்சோ, போட்ஸ்பியோர்ட், ஹமர்பெஸ்ட் என்று அத்தொழிற்சாலை ஊர்களின் பெயர்கள் வடமராட்சிப் பெண்களின் வாயில் அடிபடத் தொடங்கியது அக்காலத்திலேதான்.

நான் வார்டோவில் மீன் வெட்டினேன். ‘தொர்ஸ்க்’ என்று அவர்கள் சொல்லும் மீன் பட்டியில் ஊர்ந்து வரும். முள்ளை நீக்கித் தசையை இரு பாளமாக எடுக்க வேண்டும். தமிழ் இலக்கணம் படிப்பித்த கைக்கு அதைப் பழக்க ஆறு மாதம் பிடித்தது. (அந்த மீனை அவர்கள் மரச்சட்டங்களில் தொங்கவிட்டு, உப்பும் இடாமல், குளிர்காற்றிலேயே கருவாடாக்குவதைக் கண்டு நான் அடைந்த வியப்பு இன்றும் தீரவில்லை. வெயில் இல்லாமல் கருவாடு உண்டாகும் என்று பருத்தித்துறைக் கரையில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள்.)

மனைவியையும் குழந்தையையும் அழைப்பதற்கு அனுமதி கிடைத்தபோது நான் எழுதிய கடிதங்களை அவள் இன்னும் வைத்திருக்கிறாள். அவற்றைச் சென்ற ஆண்டு எடுத்து வாசித்தேன். கம்பளிக் காலுறை எத்தனை, குழந்தைக்குக் காது மூடும் தொப்பி, தகப்பனாரின் பழைய சுவெற்றரை மறக்காமல் கொண்டுவரவும், மிளகாய்த்தூள் இத்தனை இறாத்தல் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். குளிரைக் குறித்துக்கூட நேர்மையாகவே எழுதியிருக்கிறேன். கடலில் வரும் வெப்ப நீரோட்டத்தின் தயவால் வார்டோத் துறைமுகம் மாரியிலும் உறைவதில்லை. சனவரியில்கூடச் சராசரி பூச்சியத்துக்கு நாலைந்து பாகைதான் கீழே. அதே மாகாணத்தின் உள்நாட்டுக் கரசோக்கில் 1886இல் பதிவான 51.4 பாகை உறைகுளிரோடு ஒப்பிட்டால் நம்முடையது சொற்பம் என்று புள்ளிவிபரம் காட்டித் தேற்றியிருக்கிறேன். இருளைப் பற்றி அக்கடிதங்களில் ஒரு வரிகூட இல்லை. மறந்துபோய் விட்டதன்று. எழுதினால் அவள் வரமாட்டாள் என்று அஞ்சினேன்.

கரவெட்டி பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்துப் பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே வேற்றுமை ஒரு மணித்தியாலமும் சொற்பமுமே. வார்டோ எழுபது பாகைக்கும் அப்பால். அங்கே நவம்பரின் பிற்பகுதியில் அடிவானத்தின் கீழ் இறங்கும் சூரியன் சனவரி நடுப்பகுதி கழிந்துதான் மறுபடி தலைகாட்டும். இடையிலே, முற்பகல் ஒன்பது மணியளவில் ஒரு நீலநிற மங்கல் உண்டாகி, மத்தியானம் ஒரு மணிக்கெல்லாம் கரைந்துபோகும். நெய்தலுக்குரிய எற்பாடு சாயங்காலமா, காலையா என்று அறிஞரிடையே வழக்கு உண்டு. வார்டோவும் நெய்தல் நிலந்தான். ஆனால் மாரியில் அவ்வழக்கை அங்கே தீர்க்க வழியில்லை.

அவள் வந்திறங்கியது 1990 நவம்பர் கடைசி வாரம். போருக்கிடையே வவுனியா வழியாகக் கொழும்பை அடைந்து, ஒஸ்லோவுக்கு வந்து, அங்கிருந்து வடக்கே விமானம் மாறி மாறி, சுவார்ட்னெஸ் என்னும் சிறு விமான நிலையத்தில் நாலு வயது மகளோடு இறங்கினாள். மத்தியானம் இரண்டு மணி, கன்னங்கரிய இருட்டு. வார்டோ ஒரு தீவு. கடலுக்கு அடியிலே ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் நீளத்துக்குக் குடைந்த சுரங்க வழியாலே ஊருக்குள் போக வேண்டும். சுரங்கத்துள் விளக்கெரிந்தது. வெளியே வந்ததும் மறுபடி இருள். மகள் உறங்கிவிட்டாள். மறுநாட் காலை எட்டு மணிக்கு எழுந்து, சன்னலோரம் நெடுநேரம் நின்றுவிட்டு, “இஞ்சாருங்கோ, இஞ்சை எப்ப விடியும்?” என்று கேட்டாள். “தையிலை” என்றேன், வேடிக்கையாகச் சொல்வதுபோல.

அவள் சிரிக்கவில்லை. சிறிது நேரங்கழித்து, “உதை ஏன் எழுதேல்லை?” என்றாள். அதற்கு நான் சொல்லிய மறுமொழி எனக்கு ஞாபகமில்லை. சொல்லத்தக்க மறுமொழி இருந்ததாகவும் தோன்றவில்லை.

பட்டினங்களில் மின்விளக்கு உண்டே, இருள் என்ன செய்யும் என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அவள் காலையில் முகங்கழுவித் திருநீறு பூசிக் கிழக்கே பார்த்துக் கும்பிடும் பழக்கமுடையவள். கிழக்கு எது என்று காட்டினேன். அங்கே எதிர்வீட்டுச் சுவர் இருந்தது. விளக்கு வைக்கும் நேரம் எது என்று கேட்டாள். ஆறு மணி என்றேன். காலையில் ஏற்றிய மின்விளக்கு எரிந்தபடியே இருக்க அதற்கு முன்னால் சாமி விளக்கை ஏற்றுவது அவளுக்குப் பொருளற்ற காரியமாயிற்று. வெள்ளிக்கிழமைக்கும் வியாழக்கிழமைக்கும் வேறுபாடு இல்லை என்றாள். ஊரிலே ஆசிரியையாக இருந்து, மணி அடிக்குமுன்னே நேரத்தைச் சொல்லிவிடுவாள் என்று பெயரெடுத்தவள், தொழிற்சாலையில் எனக்கு மூன்றாம் இடத்தில் நின்று மீன் வெட்டும்போது, “இது காலை முறையோ, பின்னேர முறையோ?” என்று கேட்பாள்.

அடுத்த மாரியில் நோவு தொடங்கிற்று. முதலில் தோள்மூட்டு, பிறகு கழுத்து, பிறகு இடமறிந்து சொல்ல முடியாத உடல்வலி. வைத்தியர் பொறுமையாகப் பார்த்தார். இரத்தம் சோதித்தார், கதிர்ப்படம் எடுத்தார், ஒன்றும் இல்லை. வெயில் இல்லாத நாட்டில், அதிலும் எங்களைப் போன்ற கருந்தோலருக்கு, விற்றமின் டி குறையும் என்று கூறி மீன் ஈரல் எண்ணெய் குடிக்கச் சொன்னார். அந்நாட்டவர் மாரி முழுவதும் பிள்ளைகளுக்குக் கரண்டியில் கொடுப்பது அது. மகள் முகஞ்சுளிக்காமல் குடித்தாள். தாய் மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தாள். கோடையில் நோவு இருக்கும் இடம் தெரியாது. நவம்பர் வந்ததும், விரதகாலத்துக்கு வரும் விருந்தாளியைப் போல் நாள் தவறாமல் வந்து சேரும்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அன்று என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே அறிந்தேன். ஆன சிக்பிரித் குரோன்செத் என்னும் நோர்வேஜிய மானிடவியல் ஆய்வாளர், வடகரையிலுள்ள மீன்பிடியூர் ஒன்றில் தமிழரிடையே தங்கி ஆராய்ந்து, 2010இல் நூலொன்று வெளியிட்டார். காரணம் பிடிபடாத நோவோடு வைத்தியரிடம் திரும்பத் திரும்பப் போகும் தமிழரைப் பற்றியே அந்நூல் பேசுகிறது. உற்றாரும் சடங்கும் வழக்கமும் சூழ்ந்திருந்த வாழ்வை இழந்தவர்களின் இழப்பு உடம்பின் வழியே பேசுகிறது என்பது அவர் காணும் முடிபு. ஆய்வாளருக்கு நன்றி. ஆயினும் நூலை மூடியபோது, ‘உதை ஏன் எழுதேல்லை’ என்ற குரல்தான் என் காதில் ஒலித்தது.

எதிர்வீட்டில் ஒரு கிழவி இருந்தாள். கதவைத் தட்டிப் பழகும் வழக்கம் அங்கே குறைவு. இரண்டாண்டு தலையசைப்போடு கழிந்தது. கார்த்திகை விளக்கீட்டன்று என் மனைவி வாசலில் சிட்டி விளக்கு வைக்க முயன்றாள். வார்டோக் காற்றுக்குச் சிட்டி எங்கே நிற்கும்! ஐந்து முறை ஏற்றி ஐந்து முறையும் அணைந்தது. பின்பு எல்லாவற்றையும் உள்ளே எடுத்துச் சன்னற் கட்டில் வரிசையாக வைத்தாள். அந்நாட்டவர் நத்தாருக்கு முன் சன்னல்தோறும் நட்சத்திர விளக்கு வைக்கும் காலமும் அதுவே. மறுநாள் கிழவி கம்பளிக் கையுறை ஒரு சோடி பின்னி எடுத்துக்கொண்டு வந்தாள். உங்கள் ஊரிலும் இருட்டுக் காலத்துக்கு விளக்கு வைப்பீர்களா என்று கேட்டாள். எங்கள் ஊரில் இருட்டுக் காலம் இல்லை, ஆனாலும் வைப்போம் என்று நான் மொழிபெயர்த்தேன்.

1944 இலையுதிர் காலத்தில் அவளுக்கு ஒன்பது வயது. பின்வாங்கிய ஜெர்மன் படை பின்மார்க் முழுவதையும் கொளுத்திக்கொண்டு போயிற்று. ஐம்பதினாயிரம் பேரளவில் தெற்கே அகற்றப்பட்டனர். அகல மறுத்தவர்கள் குகைகளிலும் குடில்களிலும் மாரியைக் கழித்தனர். அவளைத் தாய் படகில் ஏற்றிக் கொண்டுபோனாள். போர் முடிந்ததும், திரும்பி வரவேண்டாம் என்று அரசாங்கம் தடுத்தும் மக்கள் சாம்பல் மேட்டுக்குத் திரும்பி வந்து வீடு கட்டினார்கள். அவ்வூரில் வீடுகளெல்லாம் ஒரே சாயலாய் இருப்பதன் காரணம் எனக்கு அன்றுதான் புரிந்தது. “தெற்கே வெளிச்சம் கூடுதலாக இருந்ததே, ஏன் திரும்பினீர்கள்?” என்று என் மனைவி தனக்குத் தெரிந்த அரைகுறை நோர்வேஜிய மொழியில் தானே கேட்டாள். அது தன் வெளிச்சம் அல்ல என்றாள் கிழவி. 1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமம் பெயர்ந்த செய்தியை வானொலியில் கேட்டிருந்த இரவு, சொல்லாமலே வந்து எங்கள் குசினியில் எங்களோடு உட்கார்ந்திருந்தவளும் அவளே.

இனித் தைப்பொங்கலைச் சொல்ல வேண்டும். சூரியனுக்கு நன்றி சொல்லும் திருநாள் சனவரி பதினாலிலோ பதினைந்திலோ வருகிறது. வார்டோவில் அன்றைக்குச் சூரியன் இல்லை. முதலாண்டு மின்னடுப்பில் பொங்கி, சன்னலுக்கு வெளியே இருட்டைப் பார்த்துப் படைத்தோம். அவ்வூரில் ஒரு பழைய வழக்கம் உண்டு. வார்டோகூஸ் கோட்டையிலிருந்து பார்க்கும்போது மீண்டு வரும் சூரியனின் முழுவட்டமும் முதன்முதல் என்று கண்ணுக்குத் தெரிகிறதோ, அன்று பீரங்கி வெடி தீர்ப்பார்கள். ஏறக்குறைய சனவரி இருபதாந் திகதி அது நிகழும். முகில் மூடினால் தள்ளிப்போகும். வெடி கேட்டதும் பள்ளிக்கூடம் விடுமுறை. வீடுகளில் ‘சூரியப் பணிஸ்’ என்று ஒன்றைத் தின்பார்கள். மகள் பாலர் வகுப்பிலிருந்து துள்ளி வந்து இச்செய்தியைச் சொன்ன அன்றே என் மனைவி தீர்மானித்துவிட்டாள்: இனிமேல் இந்த வீட்டுப் பொங்கல் வெடி கேட்ட பிறகு.

தமிழ்க் குடும்பங்களிடையே இது பெரும் விவாதமாயிற்று. பஞ்சாங்கத்தை மீறலாமோ, சங்கிராந்தி என்பது கணிதமல்லவோ, கண்ணுக்குத் தெரிந்தாலென்ன தெரியாவிட்டாலென்ன என்று வாதித்தார்கள். தமிழாசிரியன் என்ற முறையில் நானும் பஞ்சாங்கத்தின் பக்கமே பேசினேன். அவள் ஒரே வார்த்தையில் முடித்தாள்: “வராத விருந்தாளிக்கு ஆரும் இலை போடுவினமோ? வரட்டும், வந்தாப்போலை படைப்பம்.” அதிலிருந்து பத்தாண்டு அவ்வாறே நடந்தது. பானையைக் கழுவி, அரிசி களைந்து வைத்துவிட்டு, முகில் கலையக் காத்திருந்த நாட்களும் உண்டு. வெடி கேட்கும். தெற்கு வானத்தின் ஓரத்தில் செம்மஞ்சட் தகடு ஒன்று சில நிமிடம் நிற்கும். அந்தச் சில நிமிடத்துக்குள் அவள் பால் பொங்கவைத்துவிடுவாள். அந்த வாரம் நோவும் இறங்கத் தொடங்கும்.

மே நடுவிலிருந்து யூலைக் கடைசிவரை சூரியன் மறைவதே இல்லை. அதையும் சொல்லலாம், ஆனால் வெளிச்சம் மிகுந்து துன்பப்பட்டதாக எங்கள் வீட்டில் ஒருவரும் முறையிட்டதில்லை.

மீன் வரத்து மாறித் தொழிற்சாலைகள் நொடித்தன. எங்கள் சனம் ஒவ்வொரு குடும்பமாய் ஒஸ்லோவுக்குப் பெயர்ந்தது. அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம் உண்டு, கோயில் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக மாரியிலும் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் பகல் உண்டு. நாங்களும் 2001இல் புறப்பட்டோம். அவளுக்காகவே இந்த முடிவு என்று நான் பெருமையோடு அறிவித்தேன். என் கணக்கில் வராத ஒன்று அன்றைக்கு நிகழ்ந்தது. பதினைந்து வயது மகள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் உண்ணவில்லை. ஊரை விட்டுப் பிடுங்குகிறீர்கள் என்று அழுதாள். எந்த ஊரை? தீவு, காற்று, ஒன்றுபோலுள்ள வீடுகள், நீல மங்கல். அவளுக்கு அது கரவெட்டி. கதவுக்கு இப்பால் நின்று, “உனக்கு முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், பிள்ளை” என்று தாய் சொன்னதை நான் மாடிப்படியில் நின்று கேட்டேன்.

வார்டோவின் குடித்தொகை அறுபதுகளில் நாலாயிரத்தை எட்டியிருந்தது. இன்று ஏறக்குறைய அதிற் பாதி. படித்தவரை வடக்கே இழுப்பதற்காக 1990 முதல் நோர்வே அரசாங்கம் பின்மார்க்கில் வருமான வரியைக் குறைத்து, அங்கே வேலை செய்வோரின் கல்விக் கடனிலும் ஆண்டுதோறும் ஒரு பகுதியைத் தள்ளிவிடுகிறது. அச்சலுகைக்காகத்தான் போகிறேன் என்று சொல்லி, ஆசிரியப் பயிற்சி முடித்த மகள் வார்டோவுக்குத் திரும்பினாள். கடன் தீர்ந்து பல ஆண்டாகியும் அவள் தெற்கே வரவில்லை.

நாங்கள் இருவரும் இப்பொழுது மாரி தொடங்கும்போது கரவெட்டிக்கு வந்து, சித்திரை கழிந்து ஒஸ்லோ திரும்புகிறோம். இவ்வாண்டும் தைப்பொங்கலன்று முற்றம் மெழுகிக் கோலமிட்டு, விடியற்காலையில் மூன்று கல்லு வைத்து, பனையோலை எரித்துப் பொங்கினோம். பஞ்சாங்கமும் சூரியனும் ஒத்துப்போகும் ஊர். ஆறு நாள் கழிந்து, ஒருநாள் பின்னேரம் மூன்றரை மணிக்கு, தொலைபேசி அடித்தது. “அப்பா, வெடி தீர்த்தாச்சு. கேட்டுதோ?” என்றாள் மகள். அவளுக்குப் பின்னாலே வகுப்புப் பிள்ளைகள் கூவும் சத்தம் கேட்டது. மனைவி கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள், அவற்றைத் தோளிற் போட்டபடியே ஓடிவந்து தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கினாள்.

“முழு வட்டமும் தெரிஞ்சதோ, பிள்ளை?”

“தெரிஞ்சது, அம்மா.”

“அப்ப போய்ப் பானையை வை.”